புதன்கிழமைக்கு முன்பு பகை இல்லை

கேஸை முடித்து ரிப்போர்ட்டும் கொடுத்துவிட்ட ஆஸ்பத்திரிக்குள் மறுபடி நுழைவது, விடைபெற்றுக் கிளம்பிய வீட்டுக்கு மறந்துபோன குடையை எடுக்கத் திரும்புவது போல. யாரும் நம்மை எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். எதையாவது பேசிக்கொண்டிருப்பார்கள், நம்மைப் பற்றியேகூட.

அண்ணி லிஃப்டில் ஐந்தை அழுத்தினாள்.

துப்பறியும் நிறுவனத்தின் பெயர்ப்பலகையில் அவளுக்கு வேறு பெயர் உண்டு. ஆனால் உதவியாளன் அவளுடைய கணவனின் தம்பி. அவன் வாய் ஓயாமல் 'அண்ணி, அண்ணி' என்று கூப்பிட்டதில் கேஸ் கொடுக்கும் கட்சிக்காரர்களிலிருந்து போலீஸ்காரர்கள் வரை எல்லோருக்கும் அவள் அண்ணியாகிவிட்டாள். அவனுக்கு வாலு என்று பெயர். பள்ளிக்கூடத்தில் ஒட்டிக்கொண்டது. நாற்பது தாண்டி, முன்தலை வழுக்கையான பிறகும் உதிரவில்லை.

"அந்தம்மாவோட பையையும் செருப்பையும் வாங்கிக்கிட்டு நேரா கிளம்பிடணும்," என்றாள் அண்ணி.

"பரவாயில்ல அண்ணி. நம்ம நிறுவனம் செருப்பு தூக்குற அளவுக்கு வளர்ந்துடுச்சு."

அந்தம்மா என்பவள் கார்மெண்ட்ஸ் கம்பெனியில் வேலை பார்ப்பவள். அடிக்கிற கணவனை விட்டு வந்து தோழி வீட்டில் தங்கியிருந்தாள். பித்தப்பை ஆபரேஷனுக்காகத் திங்கட்கிழமை காலையில் இங்கே சேர்ந்தபோது, ரிசப்ஷனிஸ்டிடம் கணவனின் நம்பரைக் கொடுத்து, "இவருக்கு மட்டும் எதுவும் சொல்லிடாதீங்க" என்று கெஞ்சினாள். அன்று சாயங்காலம் மயக்கம் தெளிந்து கண் திறந்தபோது கட்டிலின் கால்மாட்டில் அவன் நின்றுகொண்டிருந்தான். அவள் போட்ட சத்தத்தில் வார்டே எழுந்துவிட்டது. காவலாளிகள் அவனை இழுத்துப் போனார்கள், போலீஸ் எச்சரித்து அனுப்பியது. அவளோ வயிற்றுத் தையலோடு, பையைக்கூட எடுக்காமல் தோழியின் தோளைப் பிடித்துக்கொண்டு வெளியேறிவிட்டாள்.

யார் அவனுக்குச் சொன்னது? அதைக் கண்டுபிடிக்கத்தான் ஆஸ்பத்திரி நிர்வாகி அண்ணியைக் கூப்பிட்டார். செவ்வாய்க்கிழமை ஒரே நாளில் அண்ணி முடித்தாள். அவனுடைய நம்பரும் விஷயமும் தெரிந்தவள் ஆஸ்பத்திரியில் ரிசப்ஷனிஸ்ட் ஒருத்திதான். அவள் குடியிருப்பதும் அந்தக் கணவன் குடியிருக்கும் அதே தெருவில். இரண்டையும் கூட்டினால் வரும் விடையை அண்ணி ரிப்போர்ட்டில் எழுதினாள். கணவனைக் கேட்டதற்கு, "எனக்கு வேண்டியவங்க சொன்னாங்க" என்று மீசையைத் தடவினான். கம்ப்யூட்டர் பிரிவைக் கேட்டதற்கு, 'சொல்லக் கூடாதவர்' என்று குறித்த நம்பருக்கு மெசேஜ் போகாது, விதியே அதுதான் என்று எழுதிக் கொடுத்தார்கள். ரிசப்ஷனிஸ்டை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். அவள் அழவில்லை. "நான் கம்ப்யூட்டர்ல போட்டேன் மேடம். போட்டதைக் கண்ணால பார்த்தேன்," என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

இன்று வெள்ளிக்கிழமை. தோழி போன் செய்து, விட்டுவந்த சாமான்களை வாங்கித் தர முடியுமா என்று கேட்டிருந்தாள். அந்தப் பக்கம் வரவே அவர்களுக்குப் பயம்.

ஐந்தாவது மாடி நர்ஸ் அலமாரியைத் திறந்து பையை எடுத்தாள்.

"பாவம் மேடம். அந்த ஆளு வந்தப்ப டியூட்டியில நான்தான் இருந்தேன். ரொம்பப் பந்தாவா பேசினான். நியூஸ் வாசிக்கிற மாதிரி."

"எப்படிப் பேசினான்?" அண்ணி ஒரு மரியாதைக்குத்தான் கேட்டாள்.

"'படுக்கை எண் பன்னிரண்டு எந்தப் பக்கம்'னு கேட்டான். எனக்கு ஒரு நிமிஷம் புரியவே இல்ல. நேரமாச்சு, போங்கன்னு சொன்னா, 'பார்வையாளர் நேரம் இன்னும் முடியலையே'ங்கறான்."

"தமிழ் வாத்தியாரா இருப்பானோ," என்றான் வாலு.

"சரக்கு லாரி ஓட்டறவர்," என்றாள் அண்ணி. பையை வாங்க நீட்டிய கை அப்படியே நின்றிருந்தது. "சிஸ்டர், நீங்க அதை எப்படிச் சொல்வீங்க?"

"எதை? பெட் பன்னண்டு. விசிட்டர்ஸ் டைம்."

"ரிசப்ஷன்ல?"

"இங்க எல்லாரும் அப்படித்தான் மேடம் சொல்லுவோம்."

"அந்தம்மாவுக்குப் பன்னண்டாம் பெட்டை எப்போ கொடுத்தீங்க?"

"அன்னைக்குச் சாயங்காலம்தான். முதல்ல நாலாவது மாடியில இருந்தாங்க. ஆபரேஷன் முடிஞ்சு இங்க மாத்தினோம்."

ரிசப்ஷனிஸ்டின் ஷிஃப்ட் மதியமே முடிந்துவிட்டது. அது அண்ணிக்குத் தெரியும். ரிப்போர்ட்டிலேயே எழுதியிருந்தாள். மதியம் வீட்டுக்குப் போனவளுக்குச் சாயங்காலம் கொடுத்த கட்டிலின் நம்பர் எப்படித் தெரியும்?

"இதை ஏன் சிஸ்டர் அன்னைக்கு என்கிட்ட சொல்லல?"

நர்ஸ் குழப்பத்தோடு பார்த்தாள். "நீங்க வார்டுக்கே வரலையே மேடம்."

அண்ணிக்குக் காது மடல் சூடானது. வாலு ஏதோ சொல்ல வாயெடுத்தவன், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டான்.

லிஃப்ட் கதவு மூடியதும் அவள் மெல்லக் கேட்டாள். "படுக்கை எண்ணுன்னு யாரு வாலு பேசுவா?"

"ஒருத்தரும் பேச மாட்டாங்க அண்ணி. எழுதுவாங்க."

"அதேதான். காதால கேட்டிருந்தா அந்த ஆளும் பெட்டுன்னுதான் கேட்டிருப்பான். கண்ணால படிச்சிருக்கான்."

அவள் கை தரைத்தளப் பட்டனைத் தாண்டி, அதற்கும் கீழே இருந்ததை அழுத்தியது.

கம்ப்யூட்டர் பிரிவு நிலவறையில், சலவைக்கூடத்துக்கு அடுத்த அறையில் இருந்தது. சுவருக்கு அப்பால் பெரிய மிஷின்கள் போர்வைகளைப் புரட்டும் சத்தம் விடாமல் கேட்டது. சோப்பு வாசனை. புரோகிராமருக்கு முப்பது வயது இருக்கும். அண்ணியைப் பார்த்ததும் எழுந்தான். நாற்காலி பின்னால் உருண்டு போய்ச் சுவரில் முட்டியது.

"ஆபரேஷன் முடிஞ்சதும் வீட்டுக்காரங்களுக்கு ஒரு மெசேஜ் போகுமே தம்பி, அதுல என்ன வாசகம் இருக்கும்?"

அவன் திரையில் காட்டினான். 'தங்கள் உறவினர் நலமுடன் உள்ளார். ஐந்தாம் தளம், படுக்கை எண்...' பார்வையாளர் நேரமும் அதில் இருந்தது.

"லாரிக்காரன் இதை மனப்பாடம் பண்ணிட்டு வந்திருக்கான். வேண்டியவங்க சொன்னாங்கன்னது சும்மா ஜம்பம்," என்றான் வாலு.

"அவருக்குப் போயிருக்காது மேடம். போகக் கூடாதுன்னு விதி இருக்கு. எழுதிக் கொடுத்தேனே."

"யார் யாருக்குப் போச்சுன்னு பார்க்க முடியுமா?"

"மெசேஜ் அனுப்பறது வெளிக் கம்பெனி. கேட்டு வாங்க ஒரு வாரம் ஆகும்."

அண்ணி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "ரிசப்ஷன்ல ஒருத்தர் டைப் பண்ணறது எங்கெங்க போகுதுன்னு எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க. அவசரமில்ல."

அவன் கையை மூன்று உயரங்களில் வைத்துக் காட்டினான். "இது மூணு அடுக்கு மேடம். மேல் அடுக்கில மனுஷங்க இருக்காங்க. இவர் நோயாளி, இவர் அவரோட கணவர், இவருக்குச் சொல்லலாம், இவருக்குச் சொல்லக் கூடாது, இப்படி. விதியெல்லாம் அங்கதான். அடி அடுக்கு டேட்டாபேஸ். அங்க மனுஷங்க கிடையாது. வெறும் வரிசையும் கட்டமும்தான். எல்லாம் நிரந்தரமா தங்கறது அங்கதான்."

"நடு அடுக்கு?"

"மேப்பர்னு சொல்வோம். மேல இருக்கிற மனுஷனைப் பிரிச்சு ஒவ்வொரு விவரத்தையும் கீழே அதுக்கான கட்டத்துல போடும். திரும்பக் கேட்டா, கட்டங்களை எடுத்து மறுபடி மனுஷனா சேர்த்துக் கொடுக்கும். மேல இருக்கிறதுக்குக் கீழ எப்படி எழுதியிருக்குன்னு தெரியாது. கீழ இருக்கிறதுக்கு மேல என்ன அர்த்தம்னு தெரியாது. ரெண்டுக்கும் நடுவுல தூது போறது இதுதான்."

"எங்க வீட்லயும் ஒருத்தர் அப்படி நடுவுல இருக்கார்," என்றான் வாலு. "அம்மா சொல்றதைப் பொண்டாட்டிகிட்டயும், பொண்டாட்டி சொல்றதை அம்மாகிட்டயும். எங்க அண்ணன்தான். பாதியை வழியிலேயே முழுங்கிடுவார். அதனாலதான் குடும்பம் ஓடுது. இல்லையா அண்ணி?"

அண்ணி சிரிக்கவில்லை. புரோகிராமரும் சிரிக்கவில்லை. அவள் அதைக் கவனித்தாள்.

"இப்போ ஒரு பொய் நோயாளியை உருவாக்குங்க. இவன் நம்பரைச் சொல்லக் கூடாதவர்னு போடுங்க."

"போடுங்க, போடுங்க," என்றான் வாலு. "என்கிட்ட எதையும் சொல்லக் கூடாதுன்னு என் பொண்டாட்டி ஊரெல்லாம் ஏற்கெனவே சொல்லி வெச்சிருக்கா."

புரோகிராமர் டைப் செய்தான். சேமித்தான். திரையில் வாலுவின் நம்பருக்கு எதிரே 'சொல்லக் கூடாதவர்' என்று சிவப்பில் நின்றது. அண்ணி வேறொரு கம்ப்யூட்டரில் புதிதாகத் திறக்கச் சொன்னாள். அங்கேயும் சிவப்பு. ஆபரேஷன் முடிந்தது என்று குறிக்கச் சொன்னாள். மூவரும் வாலுவின் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுவருக்கு அப்பால் ஒரு மிஷின் சுற்றி முடித்து ஓய்ந்தது. போன் அசையவில்லை.

"சரியாத்தானே மேடம் இருக்கு," என்றான் அவன். குரலில் நிம்மதி கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

அண்ணி எழுந்தாள். ஒரு தப்புக்கு மேல் இன்னொரு தப்பு செய்ய வந்துவிட்டோமோ என்று இருந்தது. கதவு வரை போனவள் கைப்பிடியில் கை வைத்தபடி திரும்பினாள். அவன் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தான். எல்லாம் சரியாக இருக்கிறது என்று காட்டிவிட்டவன் உட்கார்ந்திருக்க வேண்டாமோ?

"தம்பி, ஒண்ணே ஒண்ணு. இதுவரைக்கும் எத்தனை பேரை 'சொல்லக் கூடாதவர்'னு சேமிச்சிருக்கு? பேரெல்லாம் வேண்டாம். என்னைக்கு எத்தனைன்னு மட்டும் காட்டுங்க."

"அது எதுக்கு மேடம்?"

"எனக்குத் தெரிஞ்சுக்கணும்."

அவன் உட்கார்ந்தான். டைப் செய்ய வேண்டியது ஒரு வரிதான். அதில் மூன்று முறை எழுத்தை அழித்து அழித்து எழுதினான்.

நேற்றைக்குச் சிலர். புதன்கிழமை சிலர். இன்று காலையில் ஒருவர், இப்போது வாலு. புதன்கிழமைக்கு முன்பு, இந்த வசதியைக் கொண்டுவந்த மாதம் வரைக்கும், பூஜ்யம். அண்ணி திரையை உருட்டிக்கொண்டே போகச் சொன்னாள். பூஜ்யங்கள் வந்துகொண்டே இருந்தன.

"புதன்கிழமைக்கு முன்னாடி," என்று அண்ணி மெதுவாகக் கேட்டாள், "இந்த ஊர்ல யாருக்கும் யார் மேலயும் பகையே இல்லையா தம்பி?"

அவன் கீபோர்டில் இருந்த இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"புதன்கிழமை என்ன பண்ணினீங்க?"

"ஒரு வரி சேர்த்தேன் மேடம்." குரல் தரையைப் பார்த்து வந்தது. "மேப்பர்ல. 'சொல்லக் கூடாதவர்'ங்கற குறியைக் கீழ் அடுக்குக்குக் கொண்டுபோற வரி. அதை நான் எழுதவே இல்ல. மேல குறி இருந்துச்சு, கீழ அதுக்குக் கட்டமும் இருந்துச்சு. நடுவுல கொண்டுபோக ஆள் இல்ல. கட்டம் காலியா இருந்தா, திரும்பச் சேர்க்கும்போது சொல்லலாம்னுதான் எடுத்துக்கும்."

"அப்போ ரிசப்ஷன்ல இருந்தவங்க கண்ணால பார்த்தேன்னு சொன்னது?"

"உண்மைதான். சேமிச்ச உடனே ஸ்கிரீன்ல தெரியறது மேல் அடுக்கில இருக்கிற மனுஷன். அவர்கிட்ட குறி அப்படியே இருக்கும். அடுத்த தடவை யாராவது திறந்தா, கீழேயிருந்து குறி இல்லாதவரா வருவார். விதியை நல்லா சோதிச்சேன் மேடம். விதி சரி. விதிகிட்ட வந்து சேர வேண்டியது வழியிலேயே விழுந்துடுச்சு."

"புதன்கிழமையே இது உங்களுக்குத் தெரியும்."

ஆமாம் என்று தலையை அசைத்தான்.

"செவ்வாய்க்கிழமை சாயங்காலமே ஒருத்தியை வீட்டுக்கு அனுப்பியாச்சு. அதுவும் தெரியும்."

"தெரியும்." அவன் கண்ணாடியைக் கழற்றினான், துடைக்கவில்லை. "சொல்லத்தான் மேடம் மாடிக்குப் போனேன். நிர்வாகி மேஜையில உங்க ரிப்போர்ட் இருந்துச்சு. படிச்சேன். ஒரே தெரு, அவங்களுக்கு மட்டும்தான் தெரியும்னு அவ்வளவு தெளிவா எழுதியிருந்தீங்க. ஒருவேளை அவங்களும் சொல்லியிருப்பாங்களோன்னு தோணிச்சு. அப்படித் தோணினது எனக்கு வசதியா இருந்துச்சு. திரும்பி இறங்கி வந்துட்டேன்."

அவனைத் திட்டுவதற்காக அண்ணி சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் அவளுக்கே பொருந்தின. அவன் ஒளிந்துகொள்ளச் சுவர் எழுப்பிக் கொடுத்தது அவள்தான். அழகாக, தெளிவாக, வார்டுப் பக்கம் தலைகாட்டாமல்.

வாலுதான் முதலில் பேசினான். அவன் குரலில் விளையாட்டு இல்லை. "தம்பி, இப்போ போட்டா சரியா சேமிக்கும். புதன்கிழமைக்கு முன்னாடி சேர்ந்து இன்னும் வார்டுல படுத்திருக்கிறவங்க?"

புரோகிராமர் நிமிர்ந்தான். "அவங்க குறி எங்கேயும் இல்ல. சேமிக்கவே இல்லையே."

"ஆபரேஷன் முடிஞ்சா, டிஸ்சார்ஜ் ஆனா, வேண்டாதவங்களுக்கும் மெசேஜ் போகும். அப்படித்தானே?"

"நிறுத்துங்க," என்றாள் அண்ணி. "எல்லா மெசேஜையும். இப்பவே."

அவன் நிறுத்தினான். அண்ணி நிர்வாகியின் நம்பரை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, போனைக் கீபோர்டின் மேல் வைத்தாள். "நான் சொல்ல மாட்டேன். நீங்க சொல்லுங்க. நீங்க முடிச்சதும் என் பங்கை நான் சொல்றேன்."

அவன் சொன்னான். நடுவில் இரண்டு முறை குரல் உடைந்தது. ஆனால் எதையும் விழுங்கவில்லை. அவன் முடித்ததும் அண்ணி குனிந்து, தன் ரிப்போர்ட் தப்பு என்றும், அதைத் திரும்பப் பெறுகிறேன் என்றும், ஒவ்வொரு கட்டிலுக்கும் நர்ஸை அனுப்பி யாருக்குச் சொல்லக் கூடாது என்று புதிதாகக் கேட்க வேண்டும் என்றும் சொன்னாள். நிர்வாகி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "நீங்க ரொம்ப உறுதியா சொன்னீங்களே," என்றார். அவ்வளவுதான்.

ரிசப்ஷனிஸ்டின் வீடு மூன்றாவது மாடியில், வீடுகளுக்கு முன்னால் ஓடும் நீண்ட நடையின் கடைசியில் இருந்தது. அவளே கதவைத் திறந்தாள். வேலைக்குப் போகும் உடையில் இருந்தாள். தலையும் வாரியிருந்தது. அண்ணியைக் கண்டதும் கதவைத் தன் முதுகுக்குப் பின்னால் சாத்திக்கொண்டு வெளியே வந்தாள்.

"மெதுவா பேசுங்க. உள்ள மாமியார் இருக்காங்க. இன்னைக்கு மதிய ஷிஃப்ட்டுன்னு சொல்லியிருக்கேன். தினமும் கிளம்பி எங்கேயாவது உட்கார்ந்துட்டு வரேன்."

அண்ணி வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த வாக்கியங்கள் அந்த வாரிய தலையைப் பார்த்ததும் கலைந்துபோயின.

"நீங்க சொன்னது அத்தனையும் நிஜம்," என்றாள். "கம்ப்யூட்டர்ல நீங்க போட்டீங்க. அது வழியில விழுந்துடுச்சு. மெசேஜ்தான் போயிருக்கு. நான் சரியா விசாரிக்கல. ஒரே தெருன்னதும் போதும்னு நினைச்சுட்டேன். நிர்வாகிகிட்ட சொல்லியாச்சு. உங்களுக்கு போன் வரும். என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்கு வாய் வரல."

ரிசப்ஷனிஸ்ட் நடையின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே தெருவைப் பார்த்தாள்.

"வேலை போனா இன்னொண்ணு பார்த்துக்கலாம் மேடம். அந்தம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டு சொன்னாங்க. நான் தலையாட்டினேன். அவன் வந்து நின்னப்ப அவங்களுக்கு முதல்ல யார் ஞாபகம் வந்திருக்கும்? நான்தானே. அதை நினைச்சா சாப்பாடு இறங்கல. அவங்ககிட்ட சொன்னீங்களா?"

"இன்னும் இல்ல."

"சொல்லுங்க."

அண்ணி தோழியின் நம்பரை எடுத்தாள். மணி அடித்தது, தோழி எடுத்தாள், போன் கை மாறியது. படுத்தபடியே பேசுகிறவளின் சன்னமான குரல் வந்தது. அண்ணி வாயருகே கையை வைத்து மறைத்துக்கொண்டு, "நான்தாம்மா. அன்னைக்கு ரிசப்ஷன்ல இருந்தவங்க பத்தி..." என்று ஆரம்பித்தாள்.

"கையை எடுங்க," என்றாள் ரிசப்ஷனிஸ்ட். "மெதுவா வேண்டாம். சத்தமாவே சொல்லுங்க."

கதவுக்குப் பின்னால் செருப்பு உரசும் சத்தம் கேட்டது. கதவு ஒரு கையகலம் திறந்தது. மாமியார் எட்டிப் பார்த்தார். எதிர்வீட்டு ஜன்னலிலும் ஒரு தலை தெரிந்தது. அண்ணி கையை எடுத்தாள்.

"அவங்க உங்களைக் காட்டிக் கொடுக்கலம்மா. நீங்க சொன்னதை அப்படியே செஞ்சாங்க. ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர்தான் தப்பா மெசேஜ் அனுப்பிடுச்சு. அவங்கதான் சொன்னாங்கன்னு எழுதிக் கொடுத்தது நான். தெரியாம எழுதினேன். அதுக்காக அவங்களை வேலையை விட்டு நிறுத்தி வெச்சாங்க. தப்பு என்னோடது."

நடை முழுக்கக் கேட்டது. மாமியார் மருமகளின் உடையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். கதவை அகலத் திறந்து வைத்தார்.

போனில் கட்டில் கிறீச்சிடும் சத்தம் வந்தது, எழுந்து உட்காருகிறாள் போல. பிறகு, "அவங்க பக்கத்துல இருக்காங்களா?" என்று அந்தக் குரல் கேட்டது.

ரிசப்ஷனிஸ்ட் போனை வாங்கிக் காதில் வைத்தாள். அழப்போகிறாள் என்று அண்ணி நினைத்தாள்.

"தையல் எப்படியிருக்கு?" என்றாள் அவள். "ஈரம் படாம பார்த்துக்கறீங்களா? அங்க யாரு கட்டு மாத்தி விடறாங்க?"

பேசிக்கொண்டே உள்ளே நடந்தாள். கதவு அவளுக்குப் பின்னால் தானாகச் சாத்திக்கொண்டது.

அண்ணியும் வாலுவும் நடையில் நின்றார்கள். எதிர் ஜன்னலில் இருந்த தலை நகரவில்லை. உள்ளே பேச்சு நின்று நின்று தொடர்ந்தது. ஒருமுறை சிரிப்புபோல ஏதோ கேட்டது, அழுகையாகவும் இருக்கலாம்.

"அண்ணி," என்றான் வாலு கொஞ்ச நேரம் கழித்து. "உங்க போன் உள்ள போயிடுச்சு."

"தெரியும்."

"தட்டிக் கேட்கவா?"

அண்ணி கதவைப் பார்த்தாள். தட்டும் தைரியம் அவளுக்கு வரவில்லை. அவனுக்கும் வரவில்லை. இருவரும் படிக்கட்டில் உட்கார்ந்து காத்திருந்தார்கள்.